அப்பாவின் காருக்கு எந்த பெயின்ட்?

அன்புள்ள முருகேசா,

உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைப் படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அவளுக்கு என் வாழ்த்துகள். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது செய்தித்தாளை அவரே படிக்கிறார்.

சரி, கார் விஷயம். அப்பா ஓட்டிய காருக்கு மினுமினுக்கும் மெட்டாலிக் அடிப்பதா, பளபளப்பே இல்லாத மேட் அடிப்பதா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம். முதலில் என்ன நிறத்தில் இருந்ததோ அதே சாலிட் நிறத்தை, அதாவது துகள் கலக்காத வெறும் நிறத்தை, கிளியர் கோட் என்ற நிறமற்ற மேல்பூச்சு இல்லாமல், பளபளப்பாக அடி. நிறத்தின் மேல் தனியாகக் கிளியர் அடிக்கும் முறை 1980-களில்தான் பரவலானது. அதற்கு முந்தைய கார் அது. நிறமும் பளபளப்பும் ஒரே படலத்தில் இருக்கும்போது வரும் அந்த மென்மையான மினுக்கம்தான் அதற்குப் பொருந்தும்.

பின்னாளில் சரிசெய்வதும் சுலபம். சாலிட் பெயின்ட் வெயிலில் மங்கினாலும், மேல்படலத்தை பாலிஷ் போட்டு மெல்ல எடுத்தால் உயிர் வந்துவிடும். துணியில் நிறம் ஒட்டும், பயப்படாதே. ஓரங்களில் மட்டும் அழுத்தித் தேய்க்காதே, அங்கே பெயின்ட் மெல்லிசு. கிளியர் கோட் உரிய ஆரம்பித்தால் பாலிஷ் உதவாது, திரும்ப அடிக்கத்தான் வேண்டும். மெட்டாலிக்கில் இருக்கும் அலுமினியத் துகள்கள் எப்படிப் படிகின்றன என்பது ஸ்ப்ரே கன்னின் அழுத்தம், தூரத்தைப் பொறுத்தது. ஒரு கதவை மட்டும் பிறகு அடித்தால் அது தனியாகத் தெரியும். மேட் இன்னும் சிரமம்: கீறலைத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளத்து நிற்கும்.

நீயே வீட்டில் அடிக்கப் போவதாக எழுதியிருந்தது எனக்குக் கவலையாக இருக்கிறது. நீடித்து உழைப்பது ஹார்டனர் என்ற இறுக வைக்கும் திரவத்தைக் கலக்கும் 2கே பெயின்ட்தான். ஆனால் அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, ஆஸ்துமாவையே கொண்டுவந்துவிடும். சாதாரண முகமூடி போதாது, வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். தயவுசெய்து அடிப்பதை மட்டும் பெயின்டரிடம் விடு. பட்டி தேய்க்கும் வேலையை நீ எடுத்துக்கொள், அதற்குத்தான் பொறுமை வேண்டும்.

அப்புறம், பழைய பெயின்டைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்துப் பார். கரைந்து வந்தால், அதன் மேலேயே புதியதை அடிக்க விடாதே, சுருங்கிவிடும். தகரம்வரை சுரண்டி எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடிக்கச் சொல்.

டிக்கி கம்பளத்துக்கு அடியில் வெயில் படாத பழைய நிறம் இருக்கும். அதைப் பார்த்து நிறம் கலந்து, ஒரு தகரத் துண்டில் அடித்துக் காட்டச் சொல். வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
சேகர்