மூச்சடைக்கும் குழந்தையைக் குலுக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

அழுதழுது மூச்சடைத்து நீலம் பாரிக்கும் குழந்தைகள் குறித்த தங்கள் கட்டுரை கண்டேன். இது பிடிவாதமன்று, 6 மாதம் முதல் 6 வயது வரை காணப்படும் அனிச்சைச் செயல். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானே திரும்பிவிடும். பதற்றத்தில் பெரியவர்கள் செய்வதுதான் ஆபத்து: குலுக்கினால் மூளை காயமடையலாம், வாயில் ஊற்றும் நீர் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலை இடிபடாமல் பார்த்துக்கொண்டு, கடிகாரத்தைக் கவனியுங்கள். ஒரு நிமிடம் தாண்டியும் மூச்சோ நினைவோ திரும்பாவிட்டால் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

இக்குழந்தைகள் பலரிடம் இரும்புச்சத்துக் குறைபாட்டை மருத்துவர்கள் காண்கிறோம். அதைச் சரிசெய்தால் மூச்சடைப்பு குறைகிறது. நீலமாகாமல் வெளிறி மயங்கும் குழந்தைக்கு, இதயத் துடிப்பைப் பதிவுசெய்யும் ஈசிஜி எடுத்துப் பார்ப்பது அவசியம். தடுப்பூசிக்கு வரும் பெற்றோருக்குச் செவிலியர்கள் இம்முதலுதவியைச் செய்துகாட்ட ஏற்பாடு செய்யலாம்.

– குழந்தை நல மருத்துவர் ஒருவர்