எபிசோடைப் பாத்துட்டு எழுதுறதும், பாக்க விடாம பண்றதும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல டிவி பக்கத்துல ஒரு கட்டுரை வந்துச்சு, சீரியல் பாக்குறவங்க என்னதான் சத்தம் போட்டாலும் சேனல்காரங்க காதுல விழாது, அவங்களுக்கு டிஆர்பி ஒண்ணுதான் கணக்குன்னு. படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல. ஏன்னா பாக்குறவங்க எழுதின லெட்டராலயே செத்துப் போன ஒரு சீரிஸ் உயிரோட திரும்பி வந்த கதை இருக்கு, அதே சீரிஸோட ஒரு எபிசோடை யாரும் பாக்கவே கூடாதுன்னு சில பேர் கிளம்பின கதையும் இருக்கு. இந்த ரெண்டையும் நம்ம வாசகர்கள் தெரிஞ்சுக்கணும்னுதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், வெட்டாம போடுங்க.

அமெரிக்காவுல சிபிஎஸ் சேனல்ல 1982ல இருந்து 1988 வரைக்கும் வந்த 'கேக்னி அண்ட் லேசி'தான் அந்த சீரிஸ். நியூயார்க் போலீஸ்ல டிடெக்டிவ் ரெண்டு பேரு, ஜோடியா கேஸ் பாக்குறாங்க, ரெண்டு பேருமே பொம்பளைங்க. அதுவரைக்கும் போலீஸ் ஜோடின்னா ரெண்டு ஆம்பளைங்க கார்ல தொரத்துறது, சுடுறது, நடுவுல கிண்டலடிச்சுக்கிறதுன்னுதான் பாத்துப் பழகியிருந்தாங்க. இதுல மேரி பெத் லேசிக்கு கட்டட வேலை பாக்குற புருஷன் ஹார்வி, பிள்ளைங்க, வீட்டுச் செலவுக் கவலை. கிறிஸ் கேக்னி கல்யாணமே பண்ணிக்கல, அப்பா சார்லி ரிட்டையர் ஆன போலீஸ்காரர், நல்லா குடிப்பாரு, இவளுக்கும் அந்தப் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமா ஒட்டிக்கும். ஸ்டேஷன்ல ஆம்பளைங்க யாரும் வராத ஒரே இடம் லேடீஸ் பாத்ரூம், அங்க நின்னுதான் ரெண்டு பேரும் மனசுல இருக்கிறதைப் பேசுவாங்க, சண்டை போடுவாங்க, அழுவாங்க. என்னைக் கேட்டா அந்த சீரிஸோட உயிரே அந்த பாத்ரூம் சீனுங்கதான், தொரத்தல் சீனெல்லாம் எனக்கு ஞாபகம்கூட இல்ல.

பார்பரா அவெடன், பார்பரா கார்டேன்னு ரெண்டு பெண்கள் 1974லயே எழுதி வச்ச கதை இது, சினிமாவா எடுக்கத்தான் எழுதினாங்க, யாரும் எடுக்கல. 1981 அக்டோபர்ல டிவி படமா வந்து நல்லா ஓடவும் சீரிஸ் ஆக்கினாங்க. லேசியா கடைசி வரைக்கும் டைன் டேலிதான், ஆனா கேக்னியா மூணு பேர் மாறினாங்க, டிவி படத்துல லொரெட்டா ஸ்விட், 1982 மார்ச்சுல சீரிஸ் ஆரம்பிச்சப்ப மெக் ஃபாஸ்டர், அப்புறம் ஷரோன் கிளெஸ். மெக் ஃபாஸ்டரை ஏன் தூக்கினாங்கங்கிறதுக்கு சிபிஎஸ் அதிகாரி ஒருத்தர், பேர் சொல்லாம, பத்திரிகைக்குச் சொன்ன காரணம் என்ன தெரியுமா, ரெண்டு பேரும் ரொம்ப முரட்டுத்தனமா இருக்காங்களாம், பெண்மையே இல்லையாம், இன்னும் கேவலமாவும் சொன்னாரு, அதை இங்க எழுத எனக்கு இஷ்டமில்ல. அந்தம்மா ஆறே எபிசோட்தான் நடிச்சாங்க. நடிப்பு சரியில்லன்னு சொல்லியிருந்தாக்கூட பொறுத்துக்கலாம், இது எந்த நியாயத்துல சேத்தி?

இவ்வளவு பாடுபட்டும் ரேட்டிங் வரலன்னு 1983 மே மாசம் சீரிஸையே நிறுத்திட்டாங்க. தயாரிப்பாளர் பார்னி ரோசன்ஸ்வைக் இருக்காரே, அவரு செஞ்ச வேலைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. நிறுத்தாதீங்கன்னு லெட்டர் எழுதின ரசிகர்களுக்கெல்லாம் அவரு பதில் போட்டாரு, எனக்கு எழுதினா மட்டும் பத்தாது, சிபிஎஸ்ஸுக்கு எழுதுங்க, உங்க ஊர் பேப்பருக்கும் எழுதுங்கன்னு. பாருங்க ஐயா, ஊர் பேப்பருக்கு! நான் இப்ப உக்காந்து எழுதிக்கிட்டிருக்கேனே, இதே வேலைதான். ஜனங்க எழுதினாங்க, மூட்டை மூட்டையா எழுதினாங்க. இந்த மாதிரி பொம்பளைங்களை டிவியில இதுவரைக்கும் பாத்ததே இல்ல, என்னையே பாக்குற மாதிரி இருக்கு, வேலைக்குப் போற பொம்பளை களைச்சுப் போய் வீட்டுக்கு வந்து அடுப்புல நிக்கிறதைக் காட்டுறாங்க, அதைப் போய் நிறுத்தறீங்களேன்னு எழுதியிருக்காங்க. அந்த லெட்டரையெல்லாம் குப்பையில போடாம தயாரிப்பாளர் எடுத்து வச்சிருந்தாரு, பின்னாடி ஜூலி டாச்சிங்கிற ஆராய்ச்சியாளர் அதையெல்லாம் படிச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. கோடை லீவுல மறு ஒளிபரப்பு நல்லா ஓடிச்சு, செப்டம்பர்ல டைன் டேலிக்கு, அமெரிக்க டிவிக்குக் குடுக்கிற பெரிய விருதான எம்மி அவார்டு கிடைச்சிச்சு, எல்லாம் சேந்து சிபிஎஸ் எறங்கி வந்து ஏழு எபிசோடுக்கு ஆர்டர் குடுத்தாங்க, 1984 மார்ச்சுல சீரிஸ் திரும்ப வந்துச்சு. மொத்தம் 125 எபிசோட் ஓடிச்சு. 1983ல இருந்து 1988 வரைக்கும் ஆறு வருஷமும் டிராமாவுல சிறந்த நடிகைக்கான எம்மி இந்த ரெண்டு பேருக்குள்ளதான், நாலு டேலிக்கு, ரெண்டு கிளெஸ்ஸுக்கு. வேண்டாம்னு தூக்கிப் போட்ட சீரிஸ் இது!

ரேட்டிங் பொய்னு நான் சொல்ல வரல. எத்தனை வீட்டுல டிவி ஓடுச்சுன்னு அது சொல்லும், அந்த வீட்டுல ஒருத்தி என்ன நெனச்சான்னு அதுக்குத் தெரியாது, அதை எழுதினாத்தான் தெரியும். உங்க கட்டுரையாளர் விட்டுட்ட விஷயம் அதுதான்.

இப்ப அந்த எபிசோடுக்கு வரேன். 1985 நவம்பர் 11, திங்கக்கிழமை ராத்திரி வந்துச்சு, பேரு 'தி கிளினிக்'. கருக்கலைப்பு பண்ற ஒரு கிளினிக் வாசல்ல எதிர்ப்பாளர்கள் நிக்கிறாங்க, உள்ள போக முடியாம ஒரு ஏழைப் பொண்ணு தவிக்கிறா, கேக்னியும் லேசியும் அவளைக் கூட்டிட்டுப் போக வேண்டியிருக்கு. அப்புறம் அந்த கிளினிக்ல குண்டு வெடிக்குது. இது கற்பனைக்காகச் சேத்ததுன்னு நெனச்சுடாதீங்க, அதுக்கு முந்தின வருஷம் 1984 கிறிஸ்துமஸ் அன்னிக்குத்தான் ஃபுளோரிடாவுல பென்சகோலாங்கிற ஊர்ல மூணு இடத்துல இந்த மாதிரி குண்டு வச்சாங்க. நம்ம நாட்டுல 1971லயே கருக்கலைப்பை அனுமதிச்சு சட்டம் வந்துட்டதால இங்க இருக்கிறவங்களுக்கு இவ்வளவு கலவரம் எதுக்குன்னு தோணலாம், அங்க 1973ல அது பொம்பளைங்க உரிமைன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்த அப்புறமும் சண்டை ஓயவே இல்ல, 2022ல அந்தத் தீர்ப்பையே ரத்து பண்ணிட்டாங்க.

குண்டு வச்சது யாரு, எப்படிப் பிடிச்சாங்கங்கிறது எனக்குப் பெரிசாப் படல. லேசி அப்ப நிறைமாசம், அதோட அந்த வாசல்ல நிக்கிறா, எதிர்க்கிறவங்களுக்கும் உள்ள போறவளுக்கும் நடுவுல. கல்யாணத்துக்கு முன்னாடி, சட்டம் அனுமதிக்காத காலத்துல, தானே ஒருதரம் கருவைக் கலைச்சிருக்கேன்னு அவ வாயாலயே சொல்றா. பிள்ளை வேணும்னு ஆசையா சுமந்துக்கிட்டிருக்கிறவ அதைச் சொல்றாளேங்கிறதுதான் அந்த எபிசோடோட பலமே. கேக்னி கத்தோலிக்க வீட்டுல வளந்தவ, அவளால இந்தப் பக்கம்னும் சொல்ல முடியல அந்தப் பக்கம்னும் சொல்ல முடியல, அவ அப்பா சார்லி இது பாவம்னு அடிச்சுப் பேசுறாரு, அவரை முட்டாளாக் காட்டல, அவரு பேசுறதையும் முழுசாப் பேச விடுறாங்க. போராட்டம் பண்ற கூட்டத்துக்குத் தலைமை தாங்குற பொம்பளைக்கும் நல்ல வசனம் இருக்கு. போலீஸ் ஜோடி கதைன்னா ஜோடிக்குள்ள சண்டை வர்றது சகஜம், கடைசியில ஜோக் அடிச்சு சேந்துக்குவாங்க. இங்க ரெண்டு பேருக்கும் கருத்து ஒத்துப்போகாமலேயே ஒரே கார்ல ஏறிப் போறாங்க, மறுநாளும் பக்கத்துப் பக்கத்து டேபிள்ல உக்காந்து வேலை பாக்குறாங்க. இதை எழுதினவங்களுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுறேன்.

ஆனா ஒளிபரப்பாகுறதுக்கு முன்னாடியே பிரச்சினை கிளம்பிடுச்சு. கருக்கலைப்பை எதிர்க்கிற நேஷனல் ரைட் டு லைஃப் கமிட்டி, இது ஒருதலைப்பட்சமான பிரசாரம், போடவே கூடாதுன்னு சிபிஎஸ்ஸைக் கேட்டாங்க, சிபிஎஸ் முடியாதுன்னதும் ஊருக்கு ஊர் இருக்கிற டிவி ஸ்டேஷன்களைக் கேட்டாங்க. அங்க பெரிய சேனல் நிகழ்ச்சியைக் குடுக்கும், போடுறதா வேண்டாமான்னு அந்தந்த ஊர் ஸ்டேஷன் முடிவு பண்ணிக்கலாம், அதனால ஒரு சில ஊர்ல நெஜமாவே அந்த ராத்திரி அதைப் போடல. பெண்கள் உரிமை அமைப்புகள் இந்தப் பக்கம் ஆதரவா நின்னாங்க, ரெண்டு பக்கமும் பேப்பர்ல வாதாடினாங்க.

எதிர்த்தவங்க எல்லாம் கெட்டவங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்க நம்பிக்கை அவங்களுக்கு உசிரு, எபிசோடைப் பாத்துட்டு, லேசி சொல்றது தப்பு, இன்ன காரணத்தால தப்புன்னு எழுதியிருந்தா அதுக்கும் மரியாதை உண்டு, எழுதவும் செஞ்சிருப்பாங்க. ஆனா நான் பாக்கக் கூடாதுன்னு நீங்க ஏன் முடிவு பண்றீங்க? அந்த ஊர்ல இருந்த ஒரு கத்தோலிக்க அம்மா அதைப் பாத்துட்டு சார்லி பேசுறதுதான் சரின்னு சொல்லியிருக்கலாம், அவங்க பொண்ணு லேசி பக்கம் பேசியிருக்கலாம், ராத்திரி சாப்பாட்டு நேரத்துல அந்தப் பேச்சு நடந்திருக்கும், அது நடக்காமப் போச்சே. பாத்துட்டுத் திட்டுறவனும் ரசிகன்தான், அடுத்தவனைப் பாக்க விடாம தடுக்கிறவனை என்னால அந்தக் கணக்குல சேக்க முடியல.

எங்க வீட்டுலயே இந்த எபிசோடுக்கு ஆளுக்கு ஒரு பேச்சு. என் தங்கச்சி கேக்னி மேல கோவப்பட்டா, இவ்வளவு நாள் கூடப் பழகினவ லேசி மனசுல இருக்கிறதைச் சொல்றப்ப கட்டிப் பிடிச்சு ஆறுதல் சொல்லாம ஏன் இப்படி நிக்கிறான்னு. என் மருமக அதுக்கு, அத்தை, தெரியாத விஷயத்துல தெரியலன்னு நிக்கிறதுக்கும் தைரியம் வேணும்னா. என் வீட்டுக்காரரு எதுவும் சொல்லல, ஆனா டிவியை நிறுத்தின அப்புறம் ரொம்ப நேரம் அதைப் பத்தியே கேட்டுக்கிட்டிருந்தாரு, அந்தப் பொண்ணுக்கு அப்புறம் வேலை என்ன ஆச்சு, அங்க ஆஸ்பத்திரிச் செலவு யாரு குடுப்பாங்கன்னு. போலீஸ் சீரிஸ் பாத்துட்டு எங்க வீட்டுல இப்படிப் பேச்சு நடந்ததே இல்ல.

அதே 1985 பிப்ரவரியில வந்த இன்னொரு கதையையும் சொல்லணும், லேசிக்கு மார்புல கட்டி வர்றது. அவ டாக்டர்கிட்ட போகாம தள்ளிப் போட்டுக்கிட்டே இருப்பா, கேக்னிதான் விடாம போகச் சொல்லுவா. ஒரு டாக்டர் மார்பையே எடுக்கணும்பாரு, இவ இன்னொரு டாக்டர்கிட்ட போய்க் கேட்டு, கட்டியை மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன் குடுக்கிற சிகிச்சைக்கு சம்மதிப்பா. மறுமாசம், 1985 மார்ச்சுலதான் அமெரிக்காவுல பெரிய மருத்துவப் பத்திரிகையில பெர்னார்ட் ஃபிஷர் குழுவோட ஆராய்ச்சி வந்துச்சு, ஆரம்ப நிலையில இருக்கிற பல பேருக்கு கட்டியை மட்டும் எடுத்தாலும் உயிர் பிழைக்கிறதுல வித்தியாசம் இல்லன்னு. ரெண்டாவது டாக்டர்கிட்ட கேக்கலாம்னே தெரியாத பொம்பளைங்க நம்ம ஊர்ல இன்னிக்கும் இருக்காங்க, எங்க குடும்பத்துலயே இருந்தாங்க. அதைப் பாத்த யாராவது ஒருத்தி நாளைக்கே போய்க் காட்டணும்னு நெனச்சிருப்பா இல்ல, அது எந்த ரேட்டிங்ல வரும்?

அதனால ஐயா, உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். டிவி பக்கத்துல நடிகை பேட்டியும் டிஆர்பி பட்டியலும் போடுறீங்க, போடுங்க, வேண்டாங்கல. வாரத்துக்கு கால் பக்கமாவது, எபிசோடைப் பாத்தவங்க எழுதுற லெட்டருக்குக் குடுங்க. சூப்பர், மொக்கைன்னு ஒத்த வார்த்தையில எழுதுறது வேண்டாம். எந்த சீன்ல மனசு நின்னுச்சு, எந்த இடத்துல ஒத்துக்க முடியலன்னு எழுதுறவங்களோடதைப் போடுங்க, எதிர்த்து எழுதுறவங்களோடதையும் பக்கத்துலயே போடுங்க, ரெண்டு பேரையும் பேர் ஊரோட போடுங்க. சேனல்காரங்களும் உங்க பேப்பர் படிக்கிறவங்கதானே.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
மதுரை