இட்டேரிய யாரு வெட்டறது?

மாப்ள,

நல்லா இருக்கயா, ஊட்ல எல்லாரும் சௌக்கியமா? உன்ற மெசேஜ் வந்து பத்து நாளாச்சு, நீ கேட்டது ரெண்டு வரியில முடியற கேள்வி இல்ல, அதான் ஞாயித்துக்கெழம கம்பெனி லீவுல உக்காந்து நீளமா எழுதறேன். இங்க அப்பாவுக்கு மொழங்கால் வலி அப்படியேதான் இருக்கு, ஆனா காட்டுக்குப் போறத மட்டும் நிறுத்த மாட்டேங்கறாரு. சின்னவ பத்தாவது, ஊடே கெடுபிடியா கெடக்குது.

சரி விசயத்துக்கு வர்றேன். ஓப்பன் டேட்டா, ஓப்பன் ஸ்டாண்டர்டுன்னு, அதாவது தகவலயும் அத எழுதற முறையயும் ஒரு கம்பெனி பூட்டி வெக்காம எல்லாரும் பொழங்கற மாதிரி வெக்கோணும்னு பேசற குழு ஒண்ணு உன்னைச் சேரச் சொல்றாங்க, இந்தக் காலத்துல அதுக்கெல்லாம் வேலை இருக்கா இல்ல மீட்டிங் போட்டு காபி குடிக்கற கூட்டமான்னு கேட்டிருந்த. ரெண்டுந்தான்டா.

2008 ஜனவரி ஞாபகம் இருக்கா? ராபர்ட் ஸ்கோபிள்ங்கற அமெரிக்க டெக் பிளாக்கர் தன்னோட பேஸ்புக் காண்டாக்டை எல்லாம் பிளாக்ஸோங்கற அட்ரஸ் புக் கம்பெனியோட ஸ்கிரிப்ட் வெச்சு வெளிய எடுக்கப் பாத்தாரு, பேஸ்புக்காரன் அக்கவுண்டையே முடக்கிட்டான், ஒரே ரகளை. அடுத்த சில நாள்லயே அவங்கவங்க டேட்டாவ வேற எடத்துக்கு எடுத்துட்டுப் போக விடோணும்னு பேசுன டேட்டாபோர்ட்டபிலிட்டிங்கற குழுவுல கூகுள், பேஸ்புக், பிளாக்ஸோ ஆளுங்க எல்லாம் சேந்துட்டாங்கன்னு நியூஸ் வந்துச்சு, நீ காந்திபுரம் பேக்கரில நாலு பேருக்கும் தேங்கா பன்னு வாங்கிக் குடுத்து ஜெயிச்சாச்சுன்ன. என்னத்த ஜெயிச்சோம். சேந்தவங்க யாரும் எதையும் செஞ்சே ஆகோணும்னு ஒரு கட்டாயமும் இல்ல, கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதாமப் போற ஒறம்பரை மாதிரி வந்தாங்க, போட்டோவுல நின்னாங்க, போயிட்டாங்க. அந்தக் குழு அப்பறம் என்னாச்சுன்னு நீயும் கேக்கல நானும் கேக்கல.

ஆனா எல்லா பிரவுசரும் ஒரே விதிப்படி பக்கத்தக் காட்டோணும்னு போராடுன வெப் ஸ்டாண்டர்ட்ஸ் புராஜெக்டுங்கற குழுவ நெனச்சுப் பாரு. நெட்ஸ்கேப்புக்கு ஒரு பக்கம் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு பக்கம்னு ஒரே சைட்டை ரெண்டு தடவ எழுதிட்டிருந்த காலத்துல, 1998ல ஆரம்பிச்சு பிரவுசர் கம்பெனிகள விடாமப் புடிச்சு உலுக்குனாங்க, 2013ல எங்க வேலை முடிஞ்சுதுன்னு அவிங்களே இழுத்து மூடிட்டாங்க. பந்தல் போட்டவங்களே பிரிச்சுட்டுப் போன மாதிரி. எனக்கு அது ரொம்பப் புடிச்சுது, ஏன்னா நம்ம ஊர்ல ஒரு சங்கம் ஆரம்பிச்சா அது எதுக்கு ஆரம்பிச்சதுன்னு மறந்த பொறகும் தலைவர் எலெக்‌ஷன் மட்டும் வருசா வருசம் நடக்கும்.

தமிழுக்கே வா. அப்பெல்லாம் ஒரு பத்திரிகைக்கு ஒரு பாண்ட் (எழுத்துரு), அந்த பாண்ட் இல்லைன்னா தெரை பூரா கிறுக்கல், கம்ப்யூட்டருக்குள்ள தமிழ் எழுத்தச் சேமிக்க டிஸ்கி, டாப், டாம்னு தலைக்கொரு குறியீடு. 2010 ஜூன்ல கோயமுத்தூர்ல செம்மொழி மாநாடு நடந்தப்ப கூடவே உத்தமம்ங்கற தமிழ்க் கம்ப்யூட்டர் அமைப்பு நடத்துன இணைய மாநாடும் நடந்துச்சே, அந்தச் சமயத்துலதான் யூனிகோடு, டேஸ்16ங்கற ரெண்டு குறியீடுதான் தமிழ்நாட்டுக்கு ஸ்டாண்டர்டுன்னு அரசாணை வந்துச்சு. நாம கூட்டத்துல மாட்டி அலங்கார ஊர்தி பாத்துட்டுத் திரும்பிட்டோம், அது வேற கதை. இன்னிக்கு எங்க அம்மா வாட்ஸப்புல தமிழ்ல டைப் பண்ணுது, எதுக்குள்ள எது ஓடுதுன்னு அதுக்கு என்ன தெரியும். வருசக்கணக்கா உக்காந்து சண்டை போட்டவங்க பேரு ஒருத்தருக்கும் தெரியாது. நீ தெனமும் கேக்கற பாட்காஸ்ட்டுக்கு அடியில, புது எபிசோட் வந்தா ஆப்புக்குச் சொல்ற ஆர்எஸ்எஸ்ங்கற (RSS) பொது பார்மேட் இன்னமும் ஓடறதும் இதே கதைதான்.

இப்ப என்ற பொழப்பச் சொல்றேன். மச்சானோட பனியன் கம்பெனில எட்டு வருசமா ஒரு பில்லிங் சாப்ட்வேர். மாத்தலாம்னு பாத்தா பார்ட்டி லெட்ஜர், டெலிவரி சலான், ஜாப் ஒர்க் கணக்கு எதையும் வெளிய தர மாட்டேங்கறாங்க, கேட்டா பிடிஎப் தர்றேங்கறான். நம்ம கணக்குடா, நம்ம பார்ட்டி, நம்ம காசு! கடைசில ஆபீஸ்ல ரெண்டு புள்ளைங்க ஒன்றரை மாசம் உக்காந்து பாத்துப் பாத்து அடிச்சாங்க. அதே சாப்ட்வேர்காரந்தான், ஜிஎஸ்டி பில்ல கவர்மெண்ட் போர்ட்டல்ல பதியற இ-இன்வாய்ஸ் வந்தப்ப என்ன பண்ணுனான் தெரியுமா? 2020 அக்டோபர்ல 500 கோடி டர்ன்ஓவருக்கு மேலன்னு ஆரம்பிச்சு 2023 ஆகஸ்ட்ல 5 கோடிக்கு எறங்கி வந்துச்சு, எங்க மச்சானும் அதுல மாட்டுனாரு, உடனே பில்லுல இருக்கற எல்லா விவரமும் கவர்மெண்ட் சொன்ன மாதிரியே ஜேசான்ங்கற (JSON) பொது பார்மேட்ல அழகா வெளிய வருது. ஏன் முடியாதுன்னு ஒரு வார்த்தை பேசல. மொபைல் நம்பர மாத்தாம கம்பெனி மாறற வசதி 2011 ஜனவரில நாடு பூரா வந்ததும் இப்படித்தான, எந்தக் கம்பெனியும் தானா மனசு எளகிக் குடுக்கல.

அப்ப சட்டம் போட்டாப் போதும், குழு எதுக்குங்கறயா? அங்கதான் எனக்கு வயிறு எரியுது. 2019ல டேட்டா பாதுகாப்பு மசோதா வந்தப்ப நம்ம டேட்டாவ நாமளே எடுத்துட்டு வேற எடத்துக்குப் போற உரிமை அதுல இருந்துச்சு. 2023ல சட்டமா வந்தப்ப அது இல்ல. ஐரோப்பாவுல 2018லயே நடைமுறைக்கு வந்த உரிமை அது. போனது போச்சுன்னு இங்க எத்தன பேரு வருத்தப்பட்டாங்க சொல்லு. என்ற மச்சானுக்குத் தெரியாது, ஆனா அந்த ஒன்றரை மாசக் கூலி குடுத்தது அவருதான்.

எங்க காட்டுக்குப் போற இட்டேரி, ரெண்டு பக்கமும் வேலி வெச்ச மண்தடம், உனக்குத் தெரியுமில்ல, அப்புச்சி காலத்துல மாட்டு வண்டியே போகும். அது யாரு பேர்லயும் இல்லாத தடம், அதனால கிளுவமரத்த வெட்டறதும் யாரு வேலையும் இல்லைன்னு ஆயிப்போச்சு. முள்ளு அடைச்சு, ஒரு பக்கத்துக் காட்டுக்காரரு ரெண்டடி உள்ள வந்து கம்பி போட்டு, இப்ப பைக்குகூட போகாது. போன மாசந்தான் நாலு பேரு சேந்து அருவா எடுத்தோம், கம்பி போட்டவரு மூஞ்சி தூக்கிட்டுத் திரியறாரு.

அதனால சேரு. ஆனா சேரறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளு: பணம் எவன் குடுக்கறான், போன வருசம் எந்தக் கம்பெனிய, இல்ல எந்த ஆபீசரத் தொந்தரவு பண்ணுனீங்கன்னு. பெரிய கம்பெனிக்காரனே ஸ்பான்சரு, யாரோடவும் சண்டையே இல்லைன்னா அது காபி குடிக்கற கூட்டம், ஞாயித்துக்கெழம தூங்கு.

பங்குனில பண்ணாரி குண்டம் வருது, நோம்பிக்கு வந்துரு. வரும்போது நாம காலேஜ்ல போட்ட கையெழுத்துப் பத்திரிகைய டைப் பண்ணி வெச்ச சிடி உன்கிட்ட இருந்தா எடுத்துட்டு வா. அது எந்த பாண்ட்ல அடிச்சோம்னே எனக்கு மறந்துபோச்சு, சிடி போடற டிரைவும் இங்க ஒரு கம்ப்யூட்டர்லயும் இல்ல, பெருந்துறைல ஒரு கடைக்காரரு வெச்சிருக்காராம், சொல்லி வெச்சிருக்கேன்.