குவானிகாவைப் பற்றி முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

நலம். வீட்டில் எல்லோரும் நலந்தானே? போர்ட்டோ ரிக்கோவின் தென்மேற்குக் கரையில் இருக்கும் குவானிகாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். 1898 ஜூலை 25 அன்று, ஸ்பெயினோடு நடந்த போரில், அமெரிக்கத் தளபதி நெல்சன் மைல்ஸ் படையோடு வந்து இறங்கிய இடம் என்றுதான் அந்த ஊரைப் பலருக்கும் தெரியும். வாய் குறுகி உள்ளே ஆழமாக இருக்கும் குடா. கப்பலுக்குத் தோதான இடம். ஆனால் இன்றைய ஊரை உண்டாக்கியது படை இல்லை, வரி.

1900-ல், தீவை அமெரிக்கா ஆளும் முறையை வகுத்த ஃபோரேக்கர் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே தீவின் சர்க்கரை தீர்வை கட்டாமல் அமெரிக்காவுக்குள் போக வழி பிறந்தது. கையோடு சவுத் போர்ட்டோ ரிக்கோ சுகர் கம்பெனி, குடாவுக்கு மேற்கே என்செனாதாவில் ஆலை போட்டது. பக்கத்து ஊரான யாவுகோவோடு சேர்ந்திருந்த குவானிகா 1914-ல் தனி நகராட்சி ஆனது. கம்பெனிகள் 500 ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கக் கூடாது என்ற விதியும் 1900-லேயே இருந்தது. நிலமெல்லாம் ரஸ்ஸல் அண்ட் கோ என்ற கூட்டாளி நிறுவனத்தின் பேரில் இருந்ததால் அந்த விதி ஆலையைத் தொடவில்லை. அதற்குப் பல் முளைக்க 1940-கள் ஆயிற்று.

ஆலையில் காலம் கழித்த உனக்கு இது சுவையாக இருக்கும்: உள்ளூர்க் கரும்பு போதாமல், டொமினிக்கன் குடியரசின் லா ரொமானாவில் பயிரிட்டு, கப்பலில் மோனா நீரிணையைத் தாண்டிக் கொண்டுவந்து அரைத்தார்கள். வெட்டிய கரும்பு ஓரிரு நாள் கிடந்தாலே எடையும் அதிலிருந்து கிடைக்கும் சர்க்கரையும் இறங்கும் என்பது உனக்குத் தெரியாததா? பிறகு லா ரொமானாவிலேயே ஆலை எழுந்தது. 1967-ல் கம்பெனி கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போனது. 1980-களின் தொடக்கத்தில் குவானிகாவில் அரவை நின்றது. அதன் இடத்தை நிரப்ப இன்னொரு தொழில் வரவே இல்லை.

எனக்கு மனம் ஆறாதது குவானிகா ஏரியின் கதை. 1950-களில் லாஹாஸ் பள்ளத்தாக்குப் பாசனத் திட்டத்தில், விளைநிலமாக்க அந்த ஏரியை வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டார்கள். மலையிலிருந்து வரும் ரியோ லோகோ ஆற்றின் வண்டல் தங்கித் தெளிந்தது அங்கேதான். மேலே யாவுகோ மலைச்சரிவில் நிழல்மரங்களை வெட்டி, திறந்த வெயிலில் வளரும் காப்பி போட்டதால் மண் இன்னும் அதிகமாகக் கரைகிறது. இப்போது அதைத் தடுத்து நிறுத்த ஒன்றுமில்லை. மண்ணும் உரமும் நேரே குடாவுக்குப் போய்ப் பவளப்பாறையை மூடுகின்றன. மீன் குறைந்தால் படகு வைத்திருப்பவன் பிழைப்பும் போகிறது. நிழல்மரத்தைத் திரும்ப நடுவதும் ஏரியில் மறுபடி நீர் நிறுத்துவதும்தான் வழி. முதலாவது நடக்கிறது. இரண்டாவதற்கு, நீர் எந்த மட்டம் வரை நின்றால் அக்கம்பக்கத்து வயல் மூழ்காது என்று அளந்து, நிலக்காரர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

அடுத்து நிலநடுக்கம். 2020 ஜனவரி 7, விடியற்காலை 4:24, அளவு 6.4. மூன்று மாடிப் பள்ளி ஒன்றின் கீழ்ப்பகுதி அப்படியே நசுங்கியது. பண்டிகை விடுமுறை, அதுவும் இருட்டு நேரம் என்பதால் பிள்ளைகள் தப்பித்தார்கள். இத்தகைய பள்ளிகளின் பொதுக் குறை குட்டைத் தூண். ஜன்னலுக்காகச் சுவரைப் பாதி உயரத்தில் நிறுத்தினால், தூணின் கீழ்ப்பாதியைச் சுவர் பிடித்துக்கொள்ளும். மேல்பாதி மட்டும் ஆடும். ஆடும் நீளம் பாதியானால் விறைப்பு எட்டு மடங்கு. அத்தனை விசையையும் அதுவே வாங்கி, குறுக்கே சாய்வாக வெடிக்கும். சுவருக்கும் தூணுக்கும் நடுவே இடைவெளி விட்டு, அதை மெத்தென்ற பொருளால் நிரப்பினாலே பெரும்பகுதி தீரும். ஊரில் சரிந்த வீடுகளில் பல, கீழே மெல்லிய தூண்கள் மட்டும், மேலே கனமான கான்கிரீட் என்று கட்டியவை.

2010-ல் 19,427 பேர் இருந்த நகராட்சியில் 2020 கணக்கெடுப்பில் 13,787 பேர்தான். வேலையின்மை, 2017-ன் மரியா புயல், அதன்மேல் இந்த நடுக்கம்.

உன் மகன் கீழே கார் நிறுத்தத் தூண் மட்டும் விட்டு வீடு கட்டுகிறான் என்று எழுதியிருந்தாய். கான்கிரீட் போடுமுன் நீயே போய்ப் பார். தூணின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஒன்றரை அடிக்காவது, நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் ஒன்றுக்கொன்று 4 அங்குலத்துக்கு மேல் தள்ளிப் போகக் கூடாது. ரிங்கின் கொக்கி 90 டிகிரியில் நிற்காமல் 135 டிகிரிக்கு உள்ளே மடங்கியிருக்க வேண்டும். கீழ்த்தளத்தில் இரண்டு திசையிலும் ஒரு கான்கிரீட் சுவராவது வைக்க முடியுமா என்று பொறியாளரைக் கேட்கச் சொல். பதில் எழுது.

அன்புடன்,
ராஜாராம்