கையெழுத்தைப் பற்றி உனக்கொரு பதில்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. கையால் எழுதி, பக்கம் பக்கமாக போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாய். எழுத்து இன்னும் முத்து முத்தாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. நான் தட்டச்சுதான். கட்டைவிரல் மூட்டில் வலி, அரைப் பக்கத்துக்கு மேல் பேனா பிடிக்க முடிவதில்லை. மற்றபடி கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்தும் நிறுத்தியாயிற்று. வீட்டில் எல்லோரும் சுகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ கர்சிவில், அதாவது எழுத்துகளைச் சேர்த்து எழுதும் ஆங்கிலக் கையெழுத்தில், எழுதிக் கொடுத்த பிறந்தநாள் வாழ்த்தை உன் பேரன் படிக்கத் தெரியாமல் அவன் அம்மாவிடம் நீட்டினான் என்று எழுதியிருந்தாய். உனக்கு மனசு வலித்தது புரிகிறது. ஆனால் அதிலிருந்து நேராக "இந்தத் தலைமுறைக்குப் பொறுமையும் இல்லை, ஒழுங்கும் இல்லை" என்று தாவிவிட்டாயே, அங்கேதான் எனக்கு உன்னோடு சண்டை.

எழுத்தைச் சேர்த்து எழுதும் பழக்கத்துக்கும் ஒழுக்கத்துக்கும் என்னடா சம்பந்தம்? அது மையின் தொல்லையால் வந்தது. இறகுப் பேனாவால் எழுதிய காலத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் பேனாவைத் தூக்கித் தூக்கி வைத்தால் வைக்கிற இடத்திலெல்லாம் மை பொட்டு விழும், இழுத்துக்கொண்டே போனால் தாளும் பிழைக்கும், வேகமும் கிடைக்கும். நாம் பார்த்து வியக்கிற அந்தத் தடிமன், மெலிவு எல்லாமே அப்படித்தான். கூரான நிப்பை அழுத்தினால் அதன் பிளவு விரிந்து கோடு தடிக்கும், அழுத்தம் தளர்ந்தால் மயிரிழையாகும். அதனால் இறங்குகிற கோடு தடிமன், ஏறுகிற கோடு மெல்லிசு. ஏறும்போது அழுத்திப் பார், முனை தாளைக் குத்திக்கொண்டு மையைத் தெளித்துவிடும்.

இன்னொரு வேடிக்கை. 18-ஆம் நூற்றாண்டில் எழுத்துப் பயிற்சிக்கு வந்த மாதிரிப் பக்கங்கள், லண்டனில் ஜார்ஜ் பிக்காம் 1733 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டவை உட்பட, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டவை. பேனா எழுதியதை உளி செதுக்கியது, உளி செதுக்கியதைப் பார்த்துப் பிள்ளைகள் பேனாவால் எழுதினார்கள்! உளிக்கு வருகிற கோடு பேனாவுக்கு வரவில்லை என்று எத்தனை பிள்ளைகள் அடி வாங்கினார்களோ.

அப்புறம் அமெரிக்காவில் ஆஸ்டின் பால்மர். அதற்கு முன்பிருந்த ஸ்பென்சரின் எழுத்து முறை சுழியும் வளைவுமாக இருந்தது, அலுவலகத்தில் நாள் முழுக்க எழுதுகிற குமாஸ்தாவுக்கு அது கட்டுப்படியாகவில்லை. பால்மர் 1894-இல் கொண்டுவந்த முறையில் விரலை அசைக்கவே கூடாது, முன்கையின் தசை முழுவதும் நகர வேண்டும். அதற்காகப் பிள்ளைகள் வெறும் முட்டை வட்டங்களையும் சாய்கோடுகளையும் பக்கம் பக்கமாகப் போட்டார்கள். தட்டச்சுப் பொறி அலுவலகங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் இவ்வளவும். உனக்கும் எனக்கும் ஒழுக்கம் என்று சொல்லித்தரப்பட்டது, முதலில் ஒரு வேலைத் தகுதி. வேலை போனதும் தகுதியும் போயிற்று.

நிஜத்தில் கர்சிவின் அஸ்திவாரத்தை ஆட்டியது கம்ப்யூட்டர்கூட இல்லை, பால்பாயின்ட் பேனாதான் என்பது என் கட்சி. ஹங்கேரிக்காரர் லாஸ்லோ பீரோ பத்திரிகையாளர். செய்தித்தாள் அச்சு மை சட்டென்று காய்வதைப் பார்த்துவிட்டு அதையே பேனாவுக்குள் கொண்டுவர ஆசைப்பட்டார். அந்தக் கெட்டி மை நிப்பில் இறங்காது, அதனால் முனையில் ஒரு சின்ன உருண்டை. 1938-இல் காப்புரிமை எடுத்தார், 1950-இல் பிரான்சில் பிக் கிறிஸ்டல் என்ற பால்பாயின்ட் பேனா வந்ததும் அது எல்லோர் சட்டைப் பையிலும் ஏறிவிட்டது. கசிவில்லை, கறையில்லை, மையை ஒற்றும் தாள் வேண்டாம். ஆனால் மைப்பேனா சாய்த்துப் பிடித்து லேசாகத் தொட்டாலே எழுதும், பால்பாயின்ட்டை நிமிர்த்திப் பிடித்து அழுத்த வேண்டும். அழுத்தி அழுத்தி வளைவுகளை ஓடவிடுவது கைக்கு எவ்வளவு வேதனை என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும். நீ இன்னும் மைப்பேனாவை விடவில்லை, அதனால்தான் உன் எழுத்தும் பிழைத்துக் கிடக்கிறது. உன் பேரன் கையில் பால்பாயின்ட்டைக் கொடுத்துவிட்டு நிப்புக்காகப் பிறந்த எழுத்தை எழுதச் சொன்னால் அவன் என்ன செய்வான்?

பள்ளிகளைக் குறை சொல்கிறாயே, அவை நிகழ்ந்து முடிந்ததற்குப் பின்னால்தான் வந்தன. அமெரிக்காவின் 2010 பொதுப் பாடத் தரங்களில் கர்சிவுக்கு இடமில்லை, விசைப்பலகைக்கு இருந்தது. பின்லாந்தில் 2016 முதல் கர்சிவ் கட்டாயம் இல்லை. பிறகு எதிர்க்காற்று அடித்தது. கலிபோர்னியா 2023-இல் சட்டம் போட்டு ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை திரும்பக் கொண்டுவந்தது, இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்போது ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வாரத்துக்கு ஒரு வகுப்பில் எழுதிப் பார்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் திரையில் செய்கிற பிள்ளைக்குக் கை ஓடாது.

மூளைக்கு நல்லது என்று ஒரு செய்தியையும் அனுப்பியிருந்தாய். நார்வேயில் ஆட்ரி வான் டெர் மீர் குழு 2024-இல் வெளியிட்டதுதானே அது? கையால் எழுதும்போது மூளையின் பகுதிகளுக்கு இடையே தொடர்பு கூடுதலாகத் தெரிந்தது என்பது சரி. ஆனால் தட்டச்சு செய்தவர்கள் வலது ஆள்காட்டி விரலை மட்டும்தான் பயன்படுத்தினார்கள். ஒற்றை விரலால் தட்டச் சொன்னால் என் மூளையும் கொட்டாவி விடும்! மடிக்கணினியில் குறிப்பெடுப்பவர்களைவிடக் கையால் எடுப்பவர்களுக்குக் கருத்து நன்றாகப் புரிகிறது என்ற 2014 ஆய்வும் அப்படித்தான், 2019-இல் வேறு சிலர் திரும்பச் செய்து பார்த்தபோது அவ்வளவு தெளிவாக வரவில்லை. கையால் எழுதுவது நல்லது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் எழுத்தைக் கோத்து எழுதினால்தான் நல்லது என்பதற்கு இதிலெல்லாம் ஆதாரம் இல்லை. ஸ்டீவ் கிரஹாம் குழு 1998-இல் பள்ளிப் பிள்ளைகளை எழுதவிட்டுப் பார்த்தது, சில எழுத்துகளைச் சேர்த்தும் சிலவற்றைப் பிரித்தும் கலந்து எழுதிய பிள்ளைகள்தான் வேகமாக எழுதினார்கள். நம் வகுப்பில் அப்படி எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறைத்தார்கள், நினைவிருக்கிறதா? கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று எங்களை நாங்களே தேற்றிக்கொள்வோம், நீ மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய்.

ஆனால் ஒரு இடத்தில் நீ சொல்வது சரி, அதுவும் நீ நினைப்பதைவிடப் பெரிய விஷயம். எழுதத் தெரியாமல் போவதைவிடப் படிக்கத் தெரியாமல் போவதுதான் ஆபத்து. ஜெர்மனியைப் பார். அவர்களுக்கென்று குர்ரென்ட் என்று ஒரு பழைய கையெழுத்து, அதை எளிதாக்கிய சூட்டர்லின் வடிவத்தை 1915-லிருந்து பிரஷ்யப் பள்ளிகளில் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் 'ஈ' (e) எழுத்து பார்க்க 'என்' (n) மாதிரியே இரண்டு கம்பியாக நிற்கும், 'யூ'வும் (u) கிட்டத்தட்ட அப்படியே, அதனால் அடையாளத்துக்கு 'யூ'வின் தலையில் ஒரு வளைவு போடுவார்கள். 1941-இல் நாஜி அரசு உத்தரவு போட்டு அதை நிறுத்தியது. விளைவு, அதற்குப் பின் பள்ளிக்குப் போனவர்களுக்குத் தாத்தா பாட்டியின் கடிதம் சொந்த மொழியிலேயே இருந்தும் புரியவில்லை. கடிதம் பத்திரமாகப் பெட்டியில் இருக்கிறது, படிக்கத்தான் ஆள் வேண்டும்.

அதே கதை இப்போது உத்தரவே இல்லாமல் நடக்கிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவராக இருந்த வரலாற்றாசிரியர் ட்ரூ கில்பின் ஃபாஸ்ட், தன் வகுப்பு மாணவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கர்சிவ் படிக்கத் தெரியவில்லை என்று 2022-இல் எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிப் படிக்கும் மாணவர்கள்! அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் பழைய கையெழுத்துப் பக்கங்களைப் படித்துத் தட்டச்சு செய்து தரத் தன்னார்வலர்களைத் தேடுகிறது. உன்னை மாதிரி ஆட்களுக்கு இனிமேல்தான் கிராக்கி.

ஆகவே உன் பேரனை நாலு கோடு நோட்டோடு உட்கார வைக்காதே, பாவம். முதலில் படிக்கக் கற்றுக்கொடு, அது சுலபம்தான். எந்தச் சிற்றெழுத்து சேரும்போது எப்படி உருமாறுகிறது என்று காட்டினால் போதும், 'ஆர்', 'எஸ்', 'இசட்' மூன்றும்தான் தகராறு செய்யும். பெரிய எழுத்தில் 'கியூ' அசப்பில் இரண்டு என்ற எண் மாதிரி இருக்கும், அதைக் காட்டினால் அவனுக்கே சிரிப்பு வரும். படிக்க வந்துவிட்டால் எழுதும் ஆசை வந்தாலும் வரும், வராவிட்டாலும் நஷ்டமில்லை. அச்சு எழுத்தில் எழுதினாலும் பிறருக்குப் புரியும்படி எழுதினால் எனக்குப் போதும். கர்சிவில் எழுதி யாருக்கும் புரியாத கிறுக்கலையும் நாம் நிறையப் பார்த்தவர்கள்தானே.

உன் அப்பாவின் நாட்குறிப்புகள் இன்னும் உன்னிடம்தானே இருக்கின்றன? மையும் மங்கியிருக்கும், அவர் எழுத்தும் லேசுப்பட்டதில்லை. ஸ்கேன் எடுத்து வைத்தால் மட்டும் போதாது, நீ கண் தெளிவாக இருக்கும்போதே வாய்விட்டுப் படித்து போனில் பதிவு செய்துவிடு. பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்தால் பாடமும் ஆயிற்று. புரியாத சொல் வந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்பு, புதுக் கண்ணுக்கு வேலை கொடுத்த மாதிரி இருக்கும்.

உன் முழங்கால் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, பிசியோதெரபிக்குப் போகிறாயா இல்லையா? அடுத்த வாரம் அழைக்கிறேன், அதற்குள் இதற்கு நீ எழுதப்போகும் மறுப்பையும் அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்