அக்காவுக்கு, அடுத்த திருவிருந்துக்கு முன்னால்

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். அறுப்பின் பண்டிகை ஏலக் கணக்கில் ரசீது ஒன்று குறைவதும், அதற்காக நம் சபையில் ஒரு அம்மாவை நீங்கள் சந்தேகித்துப் பேசிவருவதும் உங்களுக்கே தெரியும், விவரத்தை இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை. நம் சபையாரும் படிப்பார்கள். யார், எந்த வருஷம் என்பதெல்லாம் வேண்டாம். நேரில் சொல்லவேண்டியதை நேரில் சொல்லியாகிவிட்டது. "எழுதிப் போடு, மத்தவங்களுக்கும் உதவும்" என்று நீங்களே சொன்ன பிறகுதான் இதைப் பொதுவில் வைக்கிறேன். அப்படியும் மனசு கஷ்டப்பட்டால் மன்னித்துவிடுங்கள். ஆனால் எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இனி போனில் நீங்கள் அந்த அம்மாவின் பேச்சை எடுத்தால், "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்பேன். இல்லை என்றால் அதற்குமேல் ஒரு வார்த்தையும் கேட்கமாட்டேன். இது புதுசாக நான் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. பழைய காலத்தில் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராக இருந்த அகஸ்டின், இல்லாதவரைப் பற்றிப் புறம்பேசுகிறவருக்கு இங்கே இடமில்லை என்று சாப்பாட்டு மேஜையிலேயே எழுதிவைத்திருந்தார். விருந்துக்கு வந்த ஆயர்களே அதை மறந்து பேசியபோது, அந்த வரிகளை அழியுங்கள், இல்லாவிட்டால் நான் எழுந்து போகிறேன் என்றாராம். அவரோடு இருந்த பொசிதியு இதைப் பதிவு செய்திருக்கிறார்.

போன திருவிருந்து ஆராதனை நினைவிருக்கிறதா? சமாதானம் கொடுக்கும் நேரம். வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கையைச் சேர்த்து, இடது கையால் மற்றவர் கையை மூடுவது நம் சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) முறை. பக்கத்தில் இருந்த பாட்டியின் கையை நீங்கள் விடவே இல்லை, நடுங்குகிறது என்று இன்னும் இறுக்கிப் பிடித்தீர்கள். அடுத்து அந்த அம்மா திரும்பிக் கை நீட்டினார். நீங்கள் பைபிள் உறையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் ஒரு வணக்கம் வைத்தீர்கள். நீட்டிய கை அப்படியே நின்றது. அப்புறம் அது போய்ப் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டது. நீங்கள் எழுந்து போய் அப்பமும் ரசமும் வாங்கிவிட்டு வந்து முழங்காலிட்டீர்கள்.

நம் ஒழுங்கில் காணிக்கைக்கு முன்னால் சமாதானம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முன்பு போய்ச் சகோதரனோடே ஒப்புரவாகு என்று மத்தேயு 5:24-ல் கர்த்தர் சொன்ன வரிசை அது. சபையில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் காபி பிளாஸ்கோடு முதலில் போய் நிற்கிறவர் நீங்கள். அந்த அக்காவை ஒரு கணக்கு நோட்டு இப்படி ஆக்கிவிட்டதே என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது. உங்கள்மேலும்தான்.

இது எப்படி உள்ளே வந்தது என்று பாருங்கள். முதலில் ஒருவர் வந்து சொன்னார், நீங்கள் கேட்டீர்கள். தன் வழக்கில் முதலில் பேசுகிறவன் நீதிமான்போல் தெரிவான், அயலான் வந்துதான் அவனைப் பரிசோதிப்பான் என்கிறது நீதிமொழிகள் 18:17. அந்த அயலானை நீங்கள் இன்னும் கேட்கவில்லை. பிறகு ராத்திரியில் மனசுக்குள் ஒத்திகை. ஒவ்வொரு தடவையும் அவர் சொல்லாத ஒரு வார்த்தை கூடச் சேர்ந்துகொள்ளும். கடைசியில் எது கேட்டது, எது நாமே சேர்த்தது என்று பிரிக்கமுடியாது. அப்புறம் ஜெபக்குறிப்பு. "ஜெபத்துல வச்சுக்கோங்க" என்று ஆரம்பிக்கும் வாய்ஸ் மெசேஜ் எத்தனை வீட்டைச் சுற்றுகிறது என்று உங்களுக்குத் தெரியும். லூக்கா 18-ல் தன்னை நீதிமான் என்று நம்பிய பரிசேயனும், வரி வசூலிக்கிற ஆயக்காரனைத் தாழ்த்தி ஜெபத்தில்தான் பேசினான்.

கோபமே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எபேசியர் 4:26 சூரியன் அஸ்தமிக்குமுன் எரிச்சல் தணியட்டும் என்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு போன் போட்டு வழக்கைத் தீர்க்கச் சொல்லவில்லை. படுக்குமுன் அவர் பெயரை வாய்விட்டுச் சொல்லி, அவருக்கு ஒரு நன்மை கேளுங்கள்: மகனுடைய பரீட்சை, முழங்கால் வலி, ஏதாவது ஒன்று. "ஆண்டவரே, அவங்களை உணர்த்தும்" என்பது வேண்டாம், அது புகார். முதல் நாட்களில் நாக்கு வராது. வராவிட்டாலும் சொல்லுங்கள்.

1752 ஜனவரி 29-ல் மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் உடன் ஊழியரும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஒருவரைப்பற்றி ஒருவர் தீமையாய்க் கேட்கவோ விசாரிக்கவோ மாட்டோம்; காதில் விழுந்தால் சட்டென்று நம்பமாட்டோம்; சீக்கிரத்தில் சம்பந்தப்பட்டவரிடமே தெரிவிப்போம்; அதுவரை வேறொருவரிடமும் மூச்சுவிடமாட்டோம்; தெரிவித்த பிறகும் பேசமாட்டோம். 1947 செப்டம்பர் 27-ல் சென்னை கதீட்ரல் ரோடு புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்திய திருச்சபை உருவானபோது மெத்தடிஸ்டுகளும் வந்து சேர்ந்தார்களே, அதனால் இது நமக்கும் பாட்டன் சொத்து.

அந்த ஐந்து வாக்குகளில் நாம் தடுக்கி விழுவது மூன்றாவதிலும் நான்காவதிலும். மத்தேயு 18:15 தனியாகப் போகச் சொல்கிறது. நாம் 17-ஆம் வசனத்தில் ஆரம்பித்து, சபைக்கு முழுக்கச் சொல்லிவிட்டு, 15-க்கு வரவே மாட்டோம். இதைச் சொன்னதும் "அப்போ தப்பை மூடி மறைக்கணுமா?" என்று சீறினீர்கள். இல்லை அக்கா. அவர் செவிகொடுக்காவிட்டால் இரண்டொருவரோடு போங்கள், அதன்பிறகு கமிட்டியில் எழுத்தில் கொடுங்கள், தணிக்கை கேளுங்கள். அதற்கு நானும் துணை நிற்பேன். பிள்ளைகளுக்குத் தீங்கு என்றால் இந்தப் படிகளுக்கெல்லாம் காத்திருக்கவே வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098-க்கு உடனே போன் போடவேண்டும். ஆனால் இது அது இல்லை. ரசீது ஒன்று குறைகிறது. அதற்கு விளக்கம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் வேண்டாம், நாலு பேர் காது அங்கே இருக்கும். போனிலும் வேண்டாம், முகம் தெரியாது. வார நாளில் அவர் வீட்டுக்குப் போங்கள். பழைய விஷயம் எதையும் எடுக்காமல் இந்த ஒன்றை மட்டும் கேளுங்கள். "எல்லாரும் சொல்றாங்க" என்று ஆரம்பித்தால் அங்கேயே கதவு மூடிவிடும். நோட்டில் நீங்களே பார்த்ததைச் சொல்லி, "இது எனக்குப் புரியல, என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அந்த வணக்கத்துக்கு மன்னிப்பையும் அப்போதே கேட்டுவிடுங்கள், அவர் பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும். அது தனிக் கணக்கு.

துணைக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். முதல் தடவை நீங்கள் தனியாகத்தான் போகவேண்டும். போய்வந்து என்ன பேசினீர்கள் என்றும் எனக்குச் சொல்லவேண்டாம்.