கோபால்ட்டுக்குப் பெயர் எப்போதோ வந்துவிட்டது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் மின்சாரக் கார் பற்றரி பற்றி வந்த கட்டுரையில், பற்றரிக்கு வேண்டிய கோபால்ட் உலோகத்தின் பெயரையே கொண்ட, கனடாவின் வட ஒன்ராறியோவிலுள்ள கோபால்ட் என்ற ஊரை ‘இனித்தான் பெயரெடுக்கப் போகிற ஊர்’ என்று எழுதியிருந்தீர்கள். பதினொரு வருடமாக நெடுஞ்சாலை 11-இல் லொறி ஓட்டுகிறவன் நான், பெரும்பாலும் பலகை ஏற்றி. அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

1903-இல் மாகாண அரசு வடக்கே ரயில் பாதை போட்டது கமக்காரரைக் குடியேற்றவும் மரம் இறக்கவும்தான். வெள்ளி யாருடைய கணக்கிலும் இல்லை. தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டைக்கு மரம் பார்த்துக்கொண்டு போன மெக்கின்லி, டாரா என்ற இரண்டு பேர்தான் கோபால்ட் ஏரிக்கரையில் முதலில் வெள்ளியைக் கண்டார்கள். கொஞ்ச நாளில் லரோஸ் என்ற கொல்லரும் கண்டார். அவர் நரிக்குச் சுத்தியலை எறிய அது பாறையில் பட்டு வெள்ளி தெரிந்தது என்று ஒரு கதை உண்டு, நம்புகிறவர் நம்பட்டும். 1911-இல் மட்டும் 3 கோடி அவுன்சுக்கு மேல் வெள்ளி எடுத்திருக்கிறார்கள். மொன்றியல் கனேடியன்ஸ் ஹொக்கி அணி 1910 ஜனவரி 5 அன்று தன் முதலாவது ஆட்டத்தை யாரோடு ஆடியது தெரியுமா? கோபால்ட் சில்வர் கிங்ஸோடு. இதுவா பெயரில்லாத ஊர்?

சுரங்கம் ஆழம் போகப் போகக் காடும் கூடவே போய்விடும். உள்ளே முட்டுக்கொடுக்க மரம், பொயிலருக்கு விறகு, ஆட்கள் குடியிருக்கப் பலகை வீடு. அதுவும் போதாமல், வெள்ளி ரேகை தெரியட்டும் என்று அங்குள்ள நிப்பிசிங் குன்றின் மேல்மண் முழுவதையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவித் தள்ளினார்கள்.

ஊருக்குள் ஒரு கடை இருக்கிறது, முன்பு பலசரக்குக் கடை. அதன் கூரையைப் பிளந்துகொண்டு சுரங்கத்தின் மரக் கோபுரம் மேலே நிற்கும். ஆம், கடைக்குள்ளேயே சுரங்க வாய்! கடைக்காரர் அந்தக் குழியின் குளிரில் இறைச்சியைப் பழுதாகாமல் வைத்திருந்தாராம். அந்தச் சுரங்கத்தின் பெயர் கொனியாகஸ். வேறு மொழிச் சொல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பார்த்தால் கோபால்ட், நிக்கல், வெள்ளி, ஆர்சனிக் என்ற நான்கின் வேதியியல் குறியீடுகளை (Co, Ni, Ag, As) சேர்த்து வைத்த பெயர். இதில் வெள்ளி தெற்கே போனது. கோபால்ட்டுக்கு அந்நாளில் பெரிய விலை இல்லை, கழிவோடு நிறையக் கொட்டினார்கள். கடைசியாக இருக்கிற ஆர்சனிக், அதுதான் நம் ஊர்ப் பாஷாணம், அந்த ஊர் ஏரிகளின் அடிச்சேற்றில் இன்றைக்கும் கிடக்கிறது. உங்கள் கட்டுரையில் இந்த நான்கில் கோபால்ட் மட்டும்தான் இருக்கிறது.

ரொறன்ரோக்காரர் நாங்கள் இதில் சம்பந்தமில்லாதவர்கள் என்றும் சொல்ல முடியாது. அந்த வெள்ளிப் பங்குகளை வாங்கி விற்றுத்தான் இந்த நகரத்துப் பங்குச்சந்தை சதை பிடித்தது. சரி, ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறோம்: 1922 அக்டோபரில் காட்டுத்தீ பக்கத்து ஊர் ஹெய்லிபரியை எரித்துவிட, இங்கே கழித்த ட்ராம் வண்டிகளை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள், வீடிழந்த குடும்பங்கள் குளிர்காலத்தை அதற்குள் கழித்தன. ஒன்று இன்னும் அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அப்புறம் 2012-இல் வடக்குக்கான பயணிகள் ரயிலையே நிறுத்தினார்கள். திரும்ப விடுவதாகப் பிறகு அறிவித்தது வேறு கதை.

இன்னொன்று. அந்தக் காடு ஆளில்லாத காடல்ல. கொஞ்சம் தெற்கே தெமகாமியில், 1989-இல் மரம் வெட்டப் பாதை போட வந்தபோது அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களும் சூழல் ஆர்வலர்களும் மறித்து நின்றார்கள். அங்கே கைதானவர்களில் ஒருவர் அரசியல்வாதி பொப் ரே, நம்மவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அடுத்த வருடமே மாகாண முதல்வரானார். அந்த மக்களிடம் கேட்காமல் கோபால்ட் கதையை எப்படி எழுதி முடித்தீர்கள்?

அடுத்த முறை நிருபரை நேரில் அனுப்புங்கள். ரொறன்ரோவிலிருந்து கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர்தான். ஜனவரியில் மட்டும் வேண்டாம். நோர்த் பே தாண்டினால் ஒரு வழிக்கு ஒரு லேன்தான், எதிரே மரம் ஏற்றிய லொறி வந்தால் கிளம்புகிற பனித்தூளில் ஐந்து விநாடிக்கு ஒன்றும் தெரியாது.

இப்படிக்கு,
ஒரு லொறிச் சாரதி,
ஸ்காபரோ